வாட்டி எடுப்பது பயிற்சி அல்ல

மருத்துவமும் செவிலியமும் படிக்கும் பிள்ளைகள் வார்டு போஸ்டிங்கில் படும் பாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு பதில் தயாராக வந்து விழும். "நாங்களும் இப்படித்தான் பட்டோம். முப்பத்தாறு மணி நேரம் கண் மூடாமல் நின்றோம். சீஃபிடம் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினோம். அதனால்தான் இன்று எந்த கேஸ் வந்தாலும் கை நடுங்காமல் பார்க்கிறோம். கஷ்டப்படாமல் யாரும் டாக்டர் ஆனதில்லை." இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அரசு மருத்துவமனைகளில் ஆயுளைக் கழித்த மருத்துவர்களும், நோயாளிகள் இன்றும் கைகூப்பும் மூத்த செவிலியர்களும் மனதார நம்பிச் சொல்கிற வார்த்தை இது. பெற்றோரும் ஆமோதிக்கிறார்கள். அதனாலேயே இதை ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. இதற்குள் இருக்கும் வாதங்களைத் தனித்தனியாக எடுத்து, கிடைத்திருக்கும் சான்றுகளோடு உரசிப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்றுகூட நிற்கவில்லை என்பதே என் முடிவு. மாணவரின் உடலும் மனமும் நன்றாக இருப்பது, பாடம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிற காரியமல்ல. அது இல்லாத வார்டில் பாடமே நடப்பதில்லை, நோயாளிக்கும் அங்கே பாதுகாப்பில்லை.

கஷ்டம்தான் கற்றுத்தருகிறது என்ற முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். வார்டில் இரண்டு வகைக் கஷ்டங்கள் இருக்கின்றன. ஒன்று தொழிலோடு பிறந்தது. நேற்று பேசிக்கொண்டிருந்தவர் இன்று கண்முன்னே இறந்துபோவது, குழந்தையின் தாயிடம் கெட்ட செய்தியைச் சொல்வது, எடுத்த முடிவு சரிதானா என்ற பதற்றத்தோடு இரவைக் கழிப்பது. இதை யாராலும் நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. இரண்டாவது வகை நாமாக ஏற்றிவைத்தது. மெடிசின் யூனிட் ஒன்றின் அட்மிஷன் நாளில் ஹவுஸ் சர்ஜன் என்ன செய்கிறார் என்று வரிசையாகப் பாருங்கள். ரத்தம் எடுக்கிறார், டியூபில் பெயர் ஒட்டுகிறார், அதை எடுத்துக்கொண்டு இன்னொரு கட்டடத்தில் இருக்கும் லேபுக்கு ஓடுகிறார், ரிப்போர்ட்டுக்காக மறுபடியும் போகிறார், ஸ்கேனுக்குத் தேதி வாங்குகிறார், ரத்த வங்கி வரிசையில் நிற்கிறார், ஆள் இல்லையென்றால் டிராலியையும் தள்ளுகிறார், விடியும் நேரத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுகிறார். நாற்பது பேருக்கு சோடியம் அளவு பார்க்க ரத்தம் எடுத்தவருக்கு, அதில் ஒருவருக்கு சோடியம் ஏன் குறைந்தது, அதை எந்த வேகத்தில் ஏற்றினால் ஆபத்து என்று உடன் நின்று சொல்ல ஆளும் இல்லை, கேட்க அவருக்குத் தெம்பும் இல்லை. சாம்பிள் கொண்டு ஓடுவதில் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கலாம். ஐம்பத்திரண்டாவது வாரத்தில் ஒன்றுமில்லை. மூத்தவர்கள் பெருமையோடு நினைவுகூர்வது முதல் வகைக் கஷ்டம் தந்த பக்குவத்தை. அதைக் காட்டி நியாயப்படுத்துவதோ இரண்டாவது வகையை. இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை இதுதான்.

செவிலியர் படிப்பில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது, இன்னும் பழையது. 1960-ல் இசபெல் மென்சீஸ் என்ற மனப்பகுப்பாய்வாளர் லண்டனின் பொது மருத்துவமனை ஒன்றின் செவிலியப் பணியை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. அங்கே வார்டு வேலையின் பெரும்பங்கு மாணவியரின் தலையில் இருந்தது. அவர்களை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவமனைக்கு எங்கே கை குறைகிறது என்பதே தீர்மானித்தது, அவர்களுடைய பாடத்திட்டம் அல்ல. நோயாளியோடு நெருங்கினால் மனம் நோகும் என்பதால், ஒரு நோயாளியை முழுதாகப் பார்க்கவிடாமல், எல்லாருக்கும் ஒரே வேலையைச் செய்யும்படி பணி துண்டுபோடப்பட்டிருந்தது. பெயர் போய், படுக்கை எண்ணும் நோயுற்ற உறுப்புமாக நோயாளி மாறியிருந்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாணவியர் படிப்பை முடிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தாமாகவே விலகியவர்கள். மென்சீஸ் கவனித்த இன்னொன்று என்னை மிகவும் உலுக்குவது: முதிர்ச்சியும் அக்கறையும் கூடிய மாணவியருக்கே அந்த அமைப்பு அதிகம் ஒவ்வவில்லை, அவர்களே விலகும் பக்கம் சாய்ந்தார்கள். கடுமை தகுதியற்றவர்களை வடிகட்டிவிடும் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வடிகட்டியில் வெளியேறியவர்கள் யார்? நம் ஊரில் தாய் மருத்துவமனையோடு சேர்ந்த நர்சிங் கல்லூரிகள் பலவற்றில், ரெக்கார்டும் கேர் பிளானும் எழுதிக்கொண்டே ஸ்டாஃப் நர்ஸின் இடத்தையும் நிரப்பும் இரண்டாம் ஆண்டு மாணவியைப் பார்த்தால், லண்டனின் அந்த வார்டு அறுபது ஆண்டுக்கு முந்தைய சங்கதியாகவே தோன்றாது.

அடுத்தது தூக்கம். "கண் விழித்துப் பழகிவிட்டால் உடம்பு பழகிக்கொள்ளும்" என்பது வார்டுகளில் வேதவாக்கு. உடம்பு பழகிக்கொள்வதில்லை. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கையும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுகின்றன என்று டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். குடித்துவிட்டு வார்டுக்கு வரும் மருத்துவரை எந்த யூனிட்டும் பொறுத்துக்கொள்ளாது. அதே நிலையில் இருக்கும், ஆனால் தூங்காத மருத்துவரைப் பாராட்டுகிறோம். 2004-ல் பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் பயிற்சி மருத்துவர்களை இரண்டு விதமாக வேலை செய்ய வைத்து ஒப்பிட்டார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய முறையில் நிகழ்ந்த கடுமையான மருத்துவப் பிழைகள், நீண்ட ஷிப்டுகளை நீக்கிய முறையில் நிகழ்ந்தவற்றைவிட 35.9 சதவீதம் அதிகம். இரண்டாண்டு கழித்து வந்த இன்னோர் ஆய்வு, இரவு முழுக்க டியூட்டி பார்த்த மறுநாள் பகலில் ஊசி குத்திக்கொள்ளும் விபத்து, முந்தைய இரவு டியூட்டி இல்லாத பகலைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு அதிகம் என்றது. பழகிக்கொள்ள மறுக்கும் உடம்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எதிர்த்தரப்பிடம் வலுவான சான்றுகளும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 1984-ல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற பதினெட்டு வயதுப் பெண், அதிக வேலைப்பளுவில் இருந்த பயிற்சி மருத்துவர்களின் பொறுப்பில் இருந்தபோது இறந்தார். அவருடைய தந்தை நடத்திய போராட்டத்தின் பயனாக 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-ல் அமெரிக்கா முழுவதும் அது விதியானது. 2011-ல் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ந்து பதினாறு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றார்கள். 2017-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வாரத்துக்கு 80 மணி நேர வரம்புக்குள் ஷிப்டின் நீளத்தைத் தளர்த்தினாலும் நோயாளிகளின் இறப்பு விகிதம் கூடவில்லை என்று பெரிய ஆய்வுகள் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். 2020-ல் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், ஷிப்டைக் குறைத்த பக்கத்தில் பிழைகள் கூடவே செய்தன. "பார்த்தீர்களா" என்று இதை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்த ஆய்வின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நேரத்தைக் குறைத்தவர்கள் ஆளைக் கூட்டவில்லை. அதனால் ஒருவர் தலையில் விழுந்த நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. அந்த உயர்வைக் கணக்கில் எடுத்தவுடன் பிழைகளில் இருந்த வேறுபாடு கரைந்துபோனது. கடிகாரத்தை மட்டும் திருத்திவிட்டு வேலைச்சுமையை அப்படியே விட்டால் பயனில்லை என்பதுதான் அது தரும் பாடம். முப்பத்தாறு மணி நேரம் நல்லது என்று அந்த ஆய்வுகளில் எதுவும் சொல்லவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வாதம் நடப்பது 80 மணி நேர எல்லைக்குள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று யாருமே எண்ணாத யூனிட்டுகளுக்கு அந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைப்பது எப்படிப் பொருந்தும்?

கேஸ் கைமாறும்போது தகவல் தவறிவிடும், ஒரே ஆள் தொடர்ந்து பார்த்தால்தான் நோயின் போக்கு புரியும் என்பதும் உண்மையான கவலைதான். ஆனால் கைமாற்றிக் கொடுப்பதும் ஒரு கலை, அதையும் கற்றுத்தர வேண்டும். பணி ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு செவிலியரும் தினமும் செய்யப்போகிற காரியம் அது. நம் வார்டுகளில் செவிலியர்கள் படுக்கை படுக்கையாகச் சென்று ஓவர் கொடுத்து, ஓவர் வாங்குகிறார்கள். மருத்துவ மாணவருக்கோ அந்தப் பழக்கம் இல்லை. போகிற போக்கில் "ஏழாம் பெட் பார்த்துக்கோ" என்பதோடு பல நேரம் முடிந்துவிடுகிறது. இந்தக் குறையைச் சரிசெய்ய ஆளையே மாற்றாமல் வைத்திருப்பது தீர்வாகாது.

மூன்றாவது வாதம் திட்டைப் பற்றியது. "பயந்தால்தான் தப்பு செய்ய மாட்டான், திட்டினால்தான் மறக்க மாட்டான்." திட்டு வாங்கிய நாள் மறக்காது என்பது சரி. அன்றைய பாடம் நினைவிருக்கிறதா என்பதே கேள்வி. 2015-ல் இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக் குழுக்கள் இருபத்துநான்கைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி நோய்ச் சூழல். பாதிப் பேருக்கு மட்டும் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அவர்களை மட்டம்தட்டும்படி சில வார்த்தைகள் சொன்னார். கத்தவில்லை, அடிக்கவில்லை. அதற்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்முறையிலும் தெளிவாகப் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் பரிமாறுவதும் உதவி கேட்பதும் குறைந்துபோயின. அனுபவம் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், ரவுண்ட்ஸில் ஐம்பது பேர் பார்க்க "உனக்கெல்லாம் யார் சீட் கொடுத்தது" என்று கேட்கப்படும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அடுத்த பெட்டில் என்ன கவனிக்க முடியும்? ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள பிரிவுகளில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. முதலில் விளங்காத அந்த முடிவுக்கு விடை எளிது: அங்கே பிழைகளை வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள்.

மறைப்பது என்றால் என்ன என்பதை நேராகப் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வீன்ஃப்ளான் போடும்போது நோயாளி கையை இழுக்க, ஊசி மாணவியின் விரலில் குத்திவிடுகிறது. கையுறைக்குள் ஒரு பொட்டு ரத்தம். உடனே அவர் செய்ய வேண்டியவை எல்லாருக்கும் தெரிந்தவை: சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும், டியூட்டி மருத்துவரிடம் சொல்ல வேண்டும், நோயாளியின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், தேவையென்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தொற்றுள்ள ரத்தம் பட்ட ஒரு குத்தில் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு 0.3 சதவீதம்தான். ஆனால் தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை போகும். "கவனம் எங்கே இருந்தது" என்ற கேள்விக்கும், போஸ்டிங்கை எக்ஸ்டெண்ட் செய்துவிடுவார்கள் என்ற நினைப்புக்கும் பயந்து அவர் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போனால், அந்த எழுபத்திரண்டு மணி நேரமும் சத்தமில்லாமல் கழிந்துவிடும். இதே அச்சம்தான் தவறான டோஸைப் போட்டவரையும், டியூப் மாறி ஒட்டியவரையும் வாயை மூட வைக்கிறது. அவற்றின் விலையை நோயாளி கொடுக்கிறார். பயமுறுத்தி வளர்த்த யூனிட்டில் தவறுகள் குறைவாக இருப்பதாகத் தலைவருக்குத் தோன்றலாம். அவருக்குச் சொல்லப்படுகிற தவறுகள் குறைந்திருக்கின்றன, அவ்வளவே.

இந்தத் தலைமுறைக்கு மனவலிமை இல்லை, செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளைகள் என்பது நான்காவது வாதம். 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டியது. 27.2 சதவீதம் பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 11.1 சதவீதம். மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம் மட்டுமே. 43 நாடுகளிலும் பெற்றோர் ஒரே மாதிரி செல்லம் கொடுத்துக் கெடுத்தார்கள் என்பதை யார் நம்புவார்கள்? நம் நாட்டிலும் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் அறிக்கை தந்தது. இணையவழியில் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் அதை மொத்த மாணவர்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் பதில் தந்த இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்களில் 16.2 சதவீதமும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதமும் தற்கொலை எண்ணம் வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம். முதுநிலைக்கு வருபவர்கள் மிகக் கடுமையான போட்டியில் வென்றவர்கள், ஹவுஸ் சர்ஜன் வருடத்தைத் தாண்டியவர்கள். பட்டுத் தேறினால் வலிமை வரும் என்பது உண்மையானால் அந்த எண் குறைந்திருக்க வேண்டும். ஏறத்தாழ இருமடங்காகியிருக்கிறது.

பழைய தலைமுறை தாக்குப்பிடித்தது என்பதும் முழுக்கணக்கு அல்ல. தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே இன்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். விலகிப் போனவர்களும், நோயில் விழுந்தவர்களும், உயிரை விட்டவர்களும் அந்த அறையில் இல்லை. இந்தக் கடுமையின் மூலத்தையும் பார்க்கலாம். மருத்துவமனையிலேயே தங்கி, திருமணம்கூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கும் அறுவை சிகிச்சைப் பயிற்சி முறையை 1889-க்குப் பிறகு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவாக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். ஈடு சொல்ல முடியாத அறுவை மருத்துவர். கோகெய்னை உணர்விழப்பு மருந்தாகத் தன்மேலேயே சோதித்ததில் அதற்கு அடிமையாகி, பின்னர் மார்ஃபினையும் வாழ்நாளெல்லாம் சுமந்தவர். மனித உடம்பின் எல்லையை அளந்து வகுத்த முறை என்று அதை எண்ண இடமில்லை. தாக்குப்பிடித்தவர்களும் சேதமின்றி வந்தார்களா என்று கேட்க வேண்டும். பிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜாத்தும் அவருடைய குழுவும் மாணவர்களின் பரிவுணர்வை ஆண்டுதோறும் அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். முதலிரண்டு ஆண்டுகளில் நிலையாக இருந்த அளவு மூன்றாம் ஆண்டில் சரிந்தது. அங்கே மூன்றாம் ஆண்டில்தான் மாணவர் முழுநேரம் வார்டுக்கு வருகிறார். நோயாளியைப் பார்க்கத் தொடங்கிய ஆண்டிலேயே நோயாளிமேல் உள்ள பரிவு குறைகிறது என்றால், அந்த வார்டு எதைக் கற்றுத்தந்தது?

இவ்வளவையும் ஒப்புக்கொள்பவர்கள் சிலர், "சரி, கவுன்சலிங் வைப்போம், யோகா வகுப்பு நடத்துவோம்" என்று முடித்துக்கொள்கிறார்கள். கவுன்சலிங் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாடு அரசு 2022-ல் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது நல்ல காரியம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் பேச ஆள் இருப்பதும் நல்ல காரியம். துன்பத்தில் இருப்பவர் தயங்காமல் அழைக்க வேண்டும். ஆனால் மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்து 2017-ல் வந்த ஆய்வு, தனிமனிதருக்குத் தரும் பயிற்சிகளைவிட வேலை அட்டவணையையும் பணிச்சுமையையும் மாற்றிய முயற்சிகளே கூடுதல் பலன் தந்தன என்று கண்டது. பாதம் புண்ணாகும்படி செருப்பைத் தைத்துவிட்டு நடப்பவருக்குத் தினமும் களிம்பு கொடுப்பது சிகிச்சை ஆகாது. மேலும், வாரத்தில் ஒரு மணி நேர யோகாவுக்கு வராவிட்டால் வருகைப்பதிவில் கை வைக்கும் இடங்களில் அதுவே இன்னொரு டியூட்டியாகிவிடுகிறது.

இனி மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். "எல்லாம் சரி, ஆள் எங்கே? ஓ.பி.யில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். மாணவர்களை எடுத்துவிட்டால் ஆஸ்பத்திரி நின்றுவிடும்." இதை நான் மறுக்கமாட்டேன், இது உண்மை. உண்மை என்பதாலேயே இதன் பொருளை முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவர் இல்லாமல் மருத்துவமனை நடக்காது என்றால், அவர் அங்கே மாணவராக இல்லை, நிரப்பப்படாத பணியிடமாக இருக்கிறார். லேப் உதவியாளர், வார்டு பணியாளர், டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், ஸ்டாஃப் நர்ஸ் என்று அரசும் தனியார் நிர்வாகமும் நியமிக்காமல் விட்ட ஒவ்வொருவரின் சம்பளத்தையும் பயிற்சி என்ற பெயரில் மாணவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பற்றாக்குறையைப் பற்றி ஆட்சியாளரிடம் சண்டை போட வேண்டிய துறைத்தலைவர், அதை மாணவரின் மனவலிமைப் பிரச்சினையாகப் பேசும்போது, அந்தப் பணியிடங்களைக் கேட்கும் நியாயத்தையும் சேர்த்தே கைவிடுகிறார். விதிகள் இல்லாத நாடல்ல இது. 1992 ஜூன் 5 அன்று மத்திய அரசு பிறப்பித்த ரெசிடென்சி திட்ட உத்தரவு, தொடர் பணி பொதுவாக நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்றது. 2023-ன் முதுநிலைக் கல்வி விதிகளோ எண்ணை விட்டுவிட்டு "நியாயமான பணி நேரம்" என்று பொதுவாகச் சொல்லி நின்றன. 2024-ன் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் பரிந்துரையே இருபத்தாறு மணி நேரம் பின்னால் போயிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 48 மணி நேர விதி 2009 ஆகஸ்டிலிருந்து பிரிட்டனின் பயிற்சி மருத்துவர்களுக்கும் முழுமையாகப் பொருந்தியது. அறுவைப் பயிற்சி குறைகிறதே என்று அங்கேயும் முணுமுணுப்பு எழுந்தது. அதற்காக யாரும் முப்பத்தாறு மணி நேரத்துக்குத் திரும்பவில்லை.

ஓய்வறை கேட்டால் சொகுசு கேட்பதாக நினைப்பவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 9-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நீண்ட டியூட்டிக்கு நடுவே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அதன்பின் உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தபோது, இரவுப் பணியில் இருப்பவர்களுக்குப் போதிய ஓய்விடமும் தனிக் கழிப்பறையும் இல்லாததையும், முப்பத்தாறு மணி நேர ஷிப்டுகளையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டது. உள்ளே தாழிடக்கூடிய ஓர் அறையும் நாலு கட்டிலும் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் எட்டாத செலவல்ல. திட்டைப் பற்றியும் ஒரு நினைவூட்டல் வேண்டும்: 1996-ல் சிதம்பரத்தில் மாணவர் நாவரசு பகடிவதையில் கொல்லப்பட்ட பிறகு 1997-ல் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. விடுதியில் சீனியர் செய்தால் குற்றமாகும் அவமானத்தை, வார்டில் பதவியில் இருப்பவர் செய்தால் கண்டிப்பு என்று ஏற்றுக்கொள்ளும் வழக்கத்தை அந்தச் சட்டம் இன்னும் தொடவில்லை.

"இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக எப்படிச் சமாளிப்பார்கள்" என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நியாயமான கேள்வி. தனியாகச் சமாளிக்கும் திறமை, தனியாகத் தவிக்கவிட்டதால் வருவதில்லை. முதல் பிரசவத்தை ஆசிரியர் செய்ய மாணவர் பார்க்கிறார், பிறகு ஆசிரியரின் கை தன் கைமேல் இருக்கச் செய்கிறார், பிறகு ஆசிரியர் அறையில் நிற்கத் தானே செய்கிறார், கடைசியில் கூப்பிட்டால் வருவார் என்ற உறுதியோடு தனியே செய்கிறார். அப்படிப் படிப்படியாகப் பொறுப்பு ஏறியவருக்கு ரத்தப்போக்கு நிற்காத தாயை எந்த நேரத்தில் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும் என்பது தெரியும். உதவி கேட்பது அவமானமல்ல என்று வார்டில் கற்றவர்தான் கிராமத்தில் இரவு மூன்று மணிக்குப் பெரிய மருத்துவமனைக்கு போன் செய்வார். கேட்டால் திட்டு என்று கற்றவர் இன்னும் அரை மணி பார்ப்போம் என்று தாமதிப்பார்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. முதல் போஸ்டிங்குக்கு முன் ஒவ்வொரு மாணவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடிந்திருக்க வேண்டும். ஊசி குத்தினால் யாரிடம், எந்த எண்ணில் சொல்வது என்பது ஒவ்வொரு வார்டிலும் சுவரில் இருக்க வேண்டும், சொன்னவரைக் கேள்வி கேட்கக் கூடாது. சாம்பிள் கொண்டுபோக ஆள் போட வேண்டும். போஸ்டிங் எக்ஸ்டென்ஷனை ஒருவர் தன் கோபத்துக்குப் போடமுடியாமல், எழுத்தில் காரணம் தந்து குழு முடிவு செய்ய வேண்டும். வார்டில் முதல் மரணத்தைப் பார்த்த மாணவரை அன்றே யாராவது ஒரு மூத்தவர் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். இவற்றுக்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. யூனிட் தலைவர்களையும் நர்சிங் கண்காணிப்பாளர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த மாத டியூட்டி ரோஸ்டரை நீங்கள்தான் போடப் போகிறீர்கள். அட்மிஷன் நாள் முடிந்த மறுநாள் காலை ரவுண்ட்ஸ் ஆனதும், இரவெல்லாம் நின்ற பிள்ளைகளின் பெயருக்கு நேராக "ஓய்வு" என்று எழுதுங்கள், அதை யாரும் அடித்துத் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.